அதிகம் அறியப்படாத குடல் வைரஸ்களைக் கண்டுபிடிப்பது எப்படி? மாட்டுக்கொட்டகையிலிருந்து ஆய்வகம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

அத்திப்பள்ளி தாண்டி ஒரு மாட்டுக்கொட்டகை. பிறந்து பன்னிரண்டு நாளான கன்று ஒன்று, வாலெல்லாம் மஞ்சள் கழிச்சல் ஒட்டிக் காய்ந்து, கண் உள்ளே போய், காது தொங்கி நின்றது. நான் கையுறை மாட்டிக்கொண்டு டப்பாவைத் திறந்ததும் மாட்டுக்கார அம்மா கேட்டார்: "ரோட்டா இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரே தம்பி. மாட்டுக் கொரோனாவும் இல்லையாம். அப்புறம் இதுல இன்னும் என்னதான் இருக்கும்?"

அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எத்தனை படி ஏற வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. நான் அல்சூர்க்காரன். வடக்கு பெங்களூரில் ஒரு ஆய்வகத்தில் பல வருடமாக மலச் சாம்பிள்களோடு வேலை செய்கிறேன். நாமக்கல், சென்னை, வேலூர் பக்கமிருந்து பிராஜெக்ட் செய்ய வரும் பிள்ளைகள் வருடா வருடம் அதே சந்தேகங்களோடு வந்து நிற்கிறார்கள். அவர்களுக்குத் தமிழில் சொல்லிக்கொடுத்ததையே இங்கே எழுதிவைக்கிறேன்.

மலத்தில் ஒரு வைரஸைக் கண்டுபிடிப்பது இன்று பெரிய காரியம் இல்லை. அது யாருடைய வைரஸ், அங்கே என்ன செய்கிறது என்று சொல்வதில்தான் கஷ்டம் இருக்கிறது. பைப்பெட்டைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே இந்தக் கேள்வி மனதில் இருக்க வேண்டும்.

யாரைத் தேடுகிறோம்

பேதி தரும் குடல் வைரஸ்களில் ரோட்டாவும் நோரோவும் பிரபலமானவை. அவற்றுக்குப் பின்னால் ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. 1975-ல் குழந்தைகளின் பேதியில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியாகத் தெரிந்த ஆஸ்ட்ரோ வைரஸுக்கு, ஐந்தாறு முனை கொண்ட நட்சத்திரம் போல் இருந்ததால் அந்தப் பெயர் வந்தது. ஆனால் பத்துத் துகளில் ஏறக்குறைய ஒன்றில்தான் நட்சத்திரம் தெளிவாகத் தெரியும் என்பதால், பார்த்தும் தவறவிட்டவர்கள் நிறையப் பேர். 1989-ல் ஜப்பானின் ஐச்சி மாநிலத்தில் சிப்பி சாப்பிட்டவர்களுக்கு வந்த வயிற்றுப்போக்கிலிருந்து ஐச்சி வைரஸ் கிடைத்தது. அது கோபு வைரஸ் பேரினத்தைச் சேர்ந்தது. ஜப்பானிய மொழியில் கோபு என்றால் புடைப்பு. சப்போரோ நகரத்தின் பெயரில் சப்போ வைரஸ், கன்றுகளில் டோரோ வைரஸ், மனித மலத்தில் போக்கா வைரஸின் சில வகைகள், மனிதர், பன்றி, கோழி, மாடு, நாய் என்று தேடிய இடமெல்லாம் வரும் பிகோபிர்னா வைரஸ்.

இதில் ஆஸ்ட்ரோவை யாரும் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குடலோடு நின்றுவிடும் என்றுதான் வெகுகாலம் நினைத்தோம். 2010-ல், நோயெதிர்ப்புக் குறைபாடுள்ள ஒரு சிறுவனின் மூளைத் திசுவில் அது இருப்பது மரபணு வரிசையாக்கம் மூலம், அதாவது மரபணு எழுத்துகளை வரிசையாகப் படித்ததன் மூலம், தெரியவந்தது. பிறகு மூளைக்காய்ச்சல் கண்ட மாடுகளிலும் ஒரு ஆஸ்ட்ரோ பிடிபட்டது. சாணியில் அலட்சியமாகக் கடந்துபோகும் ஒரு வைரஸ் இன்னொரு இடத்தில் உயிரையே எடுக்கலாம். இந்த வேலையை நான் மதிக்கும் காரணங்களில் இதுவும் ஒன்று.

படி 1: சாம்பிளும் அதன் ஜோடியும்

பாதி ஆய்வுகள் கெட்டுப்போவது இங்கேதான்.

கீழே விழுந்த சாணியை எடுக்காதீர்கள். அதில் மண்ணின் வைரஸ், ஈயின் வைரஸ், பக்கத்து மாட்டின் வைரஸ் எல்லாம் கலந்திருக்கும். மலக்குடலிலிருந்து நேராக, கையுறை போட்ட விரலாலோ ஸ்வாபாலோ எடுங்கள். மரக்குச்சியில் பஞ்சு சுற்றிய ஸ்வாப் வேண்டாம், அது பின்னால் பி.சி.ஆர். வேலையை, அதாவது மரபுப்பொருளின் ஒரு துண்டைப் பல கோடி நகலாகப் பெருக்கிப் பார்க்கும் சோதனையை, தடுக்கும். பிளாஸ்டிக் தண்டும் செயற்கை இழையும் கொண்டதாக வாங்குங்கள். கைக்குழந்தை என்றால் டயப்பர் ஒரு தலைவலி, உள்ளே இருக்கும் ஜெல் மலத்தின் நீரையெல்லாம் உறிஞ்சிவிடும். டயப்பருக்குள் சுத்தமான பிளாஸ்டிக் தாளை விரித்துவிட்டால் இரண்டு கிராம் தாராளமாகக் கிடைக்கும். கழிச்சல் தொடங்கிய முதல் மூன்று நாளுக்குள் எடுப்பது நல்லது. போகப் போக வைரஸ் குறைந்துவிடும்.

எடுத்ததும் ஐஸ் பெட்டி. மாலை ஆறு மணிக்கு ஓசூர் ரோடில் கிளம்பி சில்க் போர்டில் மாட்டிக்கொண்டால் எப்போது வந்து சேருவோம் என்று சொல்ல முடியாது. அதனால் நான் காலை ஐந்தரைக்கே கொட்டகையில் நிற்பேன். பால் கறக்கிற நேரம் அது, மாட்டுக்காரர்களும் அங்கேயே இருப்பார்கள். ஆய்வகம் வந்ததும் சாம்பிளை நான்கைந்து சிறு டியூப்களாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைத்துவிட வேண்டும். ஒரே டப்பாவை உறையவைத்து உருக்கி, மறுபடி உறையவைத்து உருக்கினால், இந்த வைரஸ்கள் பலவற்றின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. சிதைந்துகொண்டே போகும்.

இனி ஜோடி. நோயுற்ற ஒவ்வொரு கன்றுக்கும் அதே கொட்டகையில், அதே வயதில், நன்றாகத் துள்ளிக்கொண்டிருக்கும் ஒரு கன்றின் சாம்பிளையும் அதே நாளில் எடுங்கள். "நல்லா இருக்கிறதுக்கு எதுக்குத் தம்பி?" என்று அந்த அம்மாவும் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர் வீட்டிலும் அதே பொருள் இருந்தால் திருடினார் என்று எப்படிச் சொல்வது, அதுபோலத்தான் என்றேன். சிரித்துக்கொண்டே இரண்டாவது கன்றைப் பிடித்துக்கொடுத்தார். இந்த ஜோடி இல்லாத சாம்பிள் தொகுப்பை எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரத்தில் போட்டாலும், கடைசியில் வரும் முக்கியமான கேள்விக்குப் பதில் கிடைக்காது.

கூடவே ஒரு நோட்டும் வேண்டும். வயது, சீம்பால் எப்போது குடித்தது, என்ன மருந்து கொடுத்தார்கள், புதிய மாடு வாங்கினார்களா என்று எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். குழந்தை என்றால் தடுப்பூசி அட்டையைக் கட்டாயம் பாருங்கள். ரோட்டா சொட்டு மருந்தும் போலியோ சொட்டு மருந்தும் உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ்கள். கொடுத்த பிறகு சில நாட்கள் மலத்தில் வெளியேறும். தேதி தெரியாவிட்டால் மருந்தையே நோய் என்று எழுதிவிடுவீர்கள்.

மனித சாம்பிளுக்கு நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதியும் பெற்றோரின் எழுத்துச் சம்மதமும் இல்லாமல் ஒரு ஸ்வாபைக்கூடத் தொடக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இதற்கு இருக்கின்றன. சம்மதப் படிவம் குழந்தையின் அம்மாவுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். பெங்களூரில் அது ஒரு தெருவில் கன்னடம், அடுத்த தெருவில் தமிழ், அதற்கடுத்து உருது. அல்சூரிலும் மர்பி டவுனிலும் நான் பார்த்தவரை, "வயிற்றுப்போக்கு" என்று அச்சடித்ததைவிட "பேதி" என்று வாயால் சொன்னதுதான் உடனே புரிந்தது. விலங்கு என்றால் உரிமையாளரின் சம்மதமும், விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும், கூட ஒரு கால்நடை மருத்துவரும் வேண்டும்.

படி 2: சாணியிலிருந்து வைரஸைப் பிரிப்பது

ஒரு கிராம் மலத்துக்கு ஒன்பது மில்லி பாஸ்பேட் பஃபர், அதாவது அமிலத்தன்மை மாறாமல் காக்கும் உப்புக் கரைசல். இதைப் பத்து சதவீதக் கரைசல் என்போம். நன்றாக வார்டெக்ஸ் கருவியில் குலுக்கி, குளிர்ந்த சென்ட்ரிபியூஜில் வேகமாகச் சுற்றினால் நார், உணவுத் துணுக்கு, பெரும்பாலான பாக்டீரியா எல்லாம் அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் நீரை 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டி வழியாக விடுங்கள். சிலர் 0.22-க்குப் போவார்கள். இன்னும் சுத்தமாக வரும், ஆனால் பெரிய வைரஸ்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட துகள்களும் வடிகட்டியிலேயே நின்றுவிடும். எதைத் தேடுகிறோம் என்று தெரியாத நிலையில் நான் 0.45-ஐத்தான் விரும்புவேன். அதே காரணத்துக்காகக் குளோரோபார்மையும் தவிர்ப்பேன். கொழுப்பு உறை கொண்ட டோரோ, கொரோனா போன்றவற்றை அது கரைத்துவிடும்.

அடுத்தது எனக்குப் பிடித்த படி. வடிகட்டிய நீரில் டி.என்.ஏ.வையும் ஆர்.என்.ஏ.வையும் வெட்டும் நொதிகளைப் போட்டு 37 டிகிரியில் வைக்கிறோம். உடைந்த குடல் செல்கள், செத்த பாக்டீரியாக்கள் இவற்றின் மரபுப்பொருள் வெளியே மிதப்பதால் வெட்டுப்பட்டுவிடும். வைரஸின் மரபுப்பொருள் புரத ஓட்டுக்குள் பத்திரமாக இருக்கும், தேங்காய் ஓட்டுக்குள் பருப்பு இருப்பதுபோல. அதற்குப் பிறகு நொதியைச் செயலிழக்கச் செய்து, ஓட்டை உடைத்து, ஆர்.என்.ஏ.வையும் டி.என்.ஏ.வையும் பிரித்தெடுக்கலாம்.

இந்தப் பிரித்தெடுப்பில் எப்போதும் ஒரு டியூப் கூடுதலாக ஓட வேண்டும். சாம்பிளுக்குப் பதில் சுத்தமான தண்ணீர் மட்டும் உள்ள டியூப். வடிகட்டியிலிருந்து கடைசி வரை மற்ற டியூப்களுக்கு என்னென்ன செய்தீர்களோ அதெல்லாம் அதற்கும் செய்யுங்கள். வீண்செலவு என்று தோன்றும். 2013-ல் நடந்ததைக் கேட்டால் தோன்றாது. சீனாவில் காரணம் தெரியாத கல்லீரல் அழற்சி நோயாளிகளிடம் ஒரு புதிய, பார்வோ போன்ற வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டதாக அறிவித்தார்கள். அதே வருடம் இன்னொரு குழு தேடிப் பார்த்ததில், அது நோயாளிகளிடமிருந்து வரவே இல்லை, மரபுப்பொருளைப் பிரிக்கப் பயன்படும் சிலிகா வடிகட்டிக் குழாய்களிலிருந்து வந்திருந்தது என்று தெரிந்தது. தண்ணீர் டியூப் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

படி 3: முதலில் பழைய முறை

புதிதாக வரும் பிள்ளைகள் நேராக வரிசையாக்கத்துக்குப் போக ஆசைப்படுவார்கள். நான் முதல் வாரம் அவர்களை பாலிஅக்ரிலமைட் ஜெல் முன்னால்தான் உட்காரவைப்பேன்.

ரோட்டாவின் மரபுப்பொருள் பதினோரு துண்டு இரட்டை இழை ஆர்.என்.ஏ. ராத்திரி முழுக்க ஜெல்லில் மின்சாரம் ஓடினால் நீளத்துக்கேற்ப அவை பிரிந்து நிற்கும். காலையில் வெள்ளி நைட்ரேட்டில் ஊறவைத்து, கழுவி, டெவலப்பர் ஊற்றிவிட்டு ஜெல் தட்டின் மேல் குனிந்து பாருங்கள். முதல் இரண்டு மூன்று நிமிடம் ஒன்றுமே இருக்காது. அப்புறம் தெளிந்த ஜெல்லுக்குள் மங்கலான பழுப்புக் கோடுகள் ஒவ்வொன்றாக எழும். நான்கு, இரண்டு, மூன்று, இரண்டு என்று கூட்டம் கூட்டமாக நின்றால் அது ஏ குழு ரோட்டா. ஜெல் முழுக்கப் பழுப்பாவதற்குள் அசிட்டிக் அமிலம் ஊற்றி நிறுத்திவிட வேண்டும். பத்து விநாடி தாமதித்தாலும் பின்னணி கறுத்துவிடும்.

1988-ல் பிரேசிலில் ரோட்டாவைத் தேடி இப்படி ஜெல் ஓட்டியவர்கள், பதினோரு கோட்டுக்குப் பதில் இரண்டே கோடு நிற்பதைப் பார்த்தார்கள். வேறு யாராவது பிசகு என்று தூக்கிப் போட்டிருப்பார்கள். அவர்கள் போடவில்லை. பிகோபிர்னா வைரஸ் அப்படித்தான் நமக்குத் தெரியவந்தது. பிகோ என்றால் சிறியது, பிர்னா என்றால் இரண்டு ஆர்.என்.ஏ.

நம்ம ஊர்க் கதையும் இதில் ஒன்று இருக்கிறது. பெங்களூரில் பிறந்த பச்சிளம் குழந்தைகளின் மலத்தில், நோய் எதுவும் இல்லாமலேயே ரோட்டா வந்துகொண்டிருந்தது. இந்திய அறிவியல் கழகத்தில் துர்கா ராவ் குழுவினர் அதைப் பார்த்தபோது ஜெல்லில் கோடுகள் "நீள வகை" என்னும் அமைப்பில் நின்றன, ஆனால் புரதச் சோதனை அதை ரோட்டாவின் முதல் துணைக்குழு என்றது. மனித ரோட்டாவில் இந்த இரண்டும் வழக்கமாகச் சேர்ந்து வராது, விலங்கு ரோட்டாவில் வரும். மரபணுக்களைப் படித்ததில், ஐ321 என்று பெயரிட்ட அந்த வைரஸின் பதினோரு துண்டில் ஒன்பது மாட்டு ரோட்டாவுடையவை, இரண்டுதான் மனித ரோட்டாவுடையவை என்று தெரிந்தது. மாடும் மனிதனும் பக்கத்துப் பக்கத்தில் வாழும் ஊரில் இரண்டு வைரஸ்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டிருக்கின்றன! தில்லியில் கிடைத்த இதே போன்ற இன்னொரு பச்சிளம் குழந்தை வைரஸான 116ஈ-யில் ஒரே ஒரு துண்டு மாட்டிலிருந்து வந்தது. 2016 முதல் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் கொடுக்கும் ரோட்டாவாக் சொட்டு மருந்து அதிலிருந்து உருவானதுதான். ஒரு ஜெல்லில் பொருந்தாத கோட்டை மதித்ததன் பலன் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எலக்ட்ரான் நுண்ணோக்கி கைக்கெட்டினால் அதையும் விடாதீர்கள். என்ன இருக்கும் என்று முன்கூட்டியே யூகிக்காமல் பார்க்கும் கருவி அது. ஒரு மில்லியில் சுமார் பத்து லட்சம் துகளாவது இருந்தால்தான் எதுவும் கண்ணில் படும்.

அத்திப்பள்ளிக் கன்றின் ஜெல்லில் இரண்டு கோடு நின்றது. பிராஜெக்ட் பெண் துள்ளிக் குதித்துவிட்டாள்.

படி 4: பி.சி.ஆர்.

ஏற்கெனவே தெரிந்த வைரஸ் குடும்பம் என்றால் இது போதும். குடும்பம் தெரியும், இனம் தெரியாது என்றால் பொது பிரைமர் வேண்டும். பிரைமர் என்பது எந்த இடத்திலிருந்து நகலெடுக்க வேண்டும் என்று காட்டும் சிறு டி.என்.ஏ. துண்டு. ஆர்.என்.ஏ. வைரஸ்கள் தங்களை நகலெடுக்க ஒரு நொதியை வைத்திருக்கின்றன, ஆர்.டி.ஆர்.பி. என்று பெயர். வைரஸின் மேலோடு வேகமாக மாறும், இந்த நொதி அவ்வளவு மாறாது. அதனால் ஆஸ்ட்ரோ குடும்பம் முழுவதையும் பிடிக்கும் பிரைமர்கள் இந்த மரபணுவில்தான் உட்காரும். கிடைக்கும் துண்டு ஏறத்தாழ 400 எழுத்து. அதைச் சாங்கர் என்ற வரிசையாக்க முறையில் படித்து வம்சாவளி மரத்தில் வைத்துப் பார்க்கலாம்.

மலம் பி.சி.ஆருக்கு எதிரி. பித்த உப்பும் சிக்கலான சர்க்கரைகளும் நொதியைத் தடுக்கும், இருக்கும் வைரஸே இல்லை என்று வரும். அதனால் ஒவ்வொரு சாம்பிளிலும் தெரிந்த அளவு வேறொரு ஆர்.என்.ஏ.வைக் கலந்துவிடுங்கள். அது வந்ததா என்று பார்த்த பிறகே "இல்லை" என்று எழுத வேண்டும். வராவிட்டால் பத்தில் ஒன்றாக நீர்த்து மறுபடி ஓட்டுங்கள்.

அளவிடும் பி.சி.ஆரில் எத்தனையாவது பெருக்கல் சுற்றில் வைரஸ் தென்பட்டது என்பதைச் சொல்வது சி.டி. எண். அது ஏறினால் வைரஸ் குறைவு என்று பொருள். ஏறத்தாழ 3.3 சுற்று வித்தியாசம் என்றால் பத்து மடங்கு. சி.டி. 18-ம் 36-ம் இரண்டுமே "பாசிட்டிவ்" என்று ஒரே கட்டத்தில் எழுதுவது பெரிய தவறு, இரண்டுக்கும் நடுவே லட்சம் மடங்குக்கு மேல் வித்தியாசம்.

ஒரு அனுபவத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு சமயம் எங்களுக்கு வந்த சாம்பிள்களில் முக்கால்வாசி ஆஸ்ட்ரோ பாசிட்டிவ். பெரிய செய்தி என்று எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம். ஒரு நாள் தண்ணீர் டியூபும் பாசிட்டிவாக வந்தது. மறுநாளும் வந்தது. தேடித் தேடி, சோதனை சரியாக ஓடுகிறதா என்று ஒப்பிட வைத்திருந்த பிளாஸ்மிட் டியூபை (ஆஸ்ட்ரோவின் துண்டைச் சுமக்கும் வட்ட டி.என்.ஏ.) அதே மேசையில் திறந்து மூடியதுதான் காரணம் என்று கண்டுபிடித்தோம். ஒரு துளி ஆவியில் கோடிக்கணக்கான நகல். மூன்று மாத முடிவுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து செய்தோம், எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. அதிலிருந்து கலவை தயாரிப்பது ஒரு அறை, சாம்பிள் சேர்ப்பது இன்னொரு அறை, பெருக்கிய டியூபைத் திறப்பது மூன்றாவது அறை. மூன்றாவது அறைக்குள் போனவர் அன்று முதல் அறைக்குத் திரும்பக் கூடாது.

படி 5: வரிசையாக்கம்

எந்த பிரைமரும் பிடிக்காதபோதுதான் இதற்கு வர வேண்டும். இருப்பதையெல்லாம் படிப்பது இதன் முறை. மனித மலத்தின் வைரஸ்களை இப்படி ஆய்வகத்தில் வளர்க்காமலேயே முதலில் படித்துக்காட்டிய ஆய்வு 2003-ல் வந்தது.

ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ. ஆக்கி, சீரற்ற பிரைமர்களால் பெருக்கி, இயந்திரத்தில் ஏற்றுகிறோம். வெளியே வரும் லட்சக்கணக்கான துண்டுகளில் தரம் குறைந்தவற்றை வெட்டி, மாட்டின் சொந்த மரபணுவோடு பொருந்துவதை போடை (Bowtie) போன்ற மென்பொருளால் நீக்கி, மீதியை மெகாஹிட் அல்லது மெட்டாஸ்பேட்ஸ் மென்பொருள் கொண்டு நீளமான தொடர்களாக ஒட்டவைப்போம். இந்தத் தொடர்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் புதிய வைரஸ் சிக்காது, ஏனென்றால் எழுத்துகள் மாறிவிட்டிருக்கும். புரதமாக மொழிபெயர்த்து ஒப்பிட வேண்டும். டைமண்ட் என்ற மென்பொருள் அதைத்தான் வேகமாகச் செய்கிறது.

முடிவுப் பட்டியல் வந்ததும் நம்பிவிடாதீர்கள். மரபணுத் தொகுதியின் ஒரே மூலையில் ஐம்பது துண்டு குவிந்து மற்ற இடம் காலியாக இருந்தால் சந்தேகப்படுங்கள். உண்மையில் இருக்கும் வைரஸ் பல இடங்களில் பரவிக் கிடக்கும். தண்ணீர் டியூபிலும் அதே தொடர் இருக்கிறதா, அதே ஓட்டத்தில் பக்கத்துச் சாம்பிளில் ஏராளமாக இருந்து இங்கே ஐந்தாறு துண்டு மட்டும் கசிந்ததா என்றும் பாருங்கள். எந்தத் துண்டு எந்தச் சாம்பிளுடையது என்று காட்ட ஒட்டும் அடையாள வால்கள் இடம் மாறுவது இந்த இயந்திரங்களில் நடப்பதுதான். கடைசியாக, பிரிக்காமல் வைத்திருந்த இன்னொரு டியூபிலிருந்து புதிதாக மரபுப்பொருள் எடுத்து, அந்தத் தொடருக்கென்றே பிரைமர் செய்து, சாதாரண பி.சி.ஆரில் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அதைப் பற்றி எழுத வேண்டாம்.

சாம்பிள் எடுக்க ஆளில்லாதபோது கழிவுநீரும் உதவும். கோவிட் காலத்தில் பெங்களூரின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து நீர் எடுத்துத்தான் ஊரில் தொற்று ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தார்கள். ஆனால் சாக்கடைக்கு வயது கிடையாது, நோய் அறிகுறி கிடையாது. அடுத்த படியின் கேள்வியை அதனிடம் கேட்க முடியாது.

படி 6: இது யாருடைய வைரஸ்?

குடல் ஒரு சந்தை மாதிரி. சாப்பாடு வருகிறது, பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன, பூஞ்சை இருக்கிறது, விழுங்கிய பூச்சி இருக்கிறது. ஒவ்வொன்றும் தன் வைரஸைக் கொண்டுவருகிறது.

2006-ல் மனித மலத்தின் ஆர்.என்.ஏ. வைரஸ்களைப் படித்தபோது அதிகமாகக் கிடைத்தது எது தெரியுமா? மிளகாய்ச் செடியைத் தாக்கும் ஒரு வைரஸ், மிளகாய் மிதத் தேமல் வைரஸ். மிளகாயிலும் சாஸிலும் உயிரோடு வந்து, வயிற்றைக் கடந்து, அப்படியே வெளியே போகிறது. உலர்ந்த மலத்தில் ஒரு கிராமுக்கு நூறு கோடி துகள் வரைகூட. நம்ம வீட்டுச் சாப்பாட்டுக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். சாம்பார் சாதம் சாப்பிடத் தொடங்கிய குழந்தையிடம் இது கிடைத்தால், சாப்பாட்டு விவரம் எழுதிய நோட்டைத் திறந்தாலே விடை கிடைத்துவிடும். இன்று நீரில் மனிதக் கழிவு கலந்திருக்கிறதா என்று பார்க்கவும் இதையே அடையாளமாக வைத்திருக்கிறார்கள்.

2014-ல் கணினியில் மட்டும் கண்டுபிடிக்கப்பட்ட கிராஸ்ஃபேஜ், 97 ஆயிரம் எழுத்து நீளமான டி.என்.ஏ. வைரஸ், ஏராளமானவர்களின் குடலில் இருக்கிறது. அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. அது நம்மைத் தொடுவதில்லை, நம் குடலின் பாக்டீராய்டிஸ் பாக்டீரியாக்களைத்தான் தாக்குகிறது. அதன் உறவுக்கார வைரஸ் ஒன்றை 2018-ல் அந்தப் பாக்டீரியாவிலேயே வளர்த்துக் காட்டினார்கள்.

இப்போது இரண்டு கோடு பிகோபிர்னாவுக்கு வருவோம். முப்பது வருடத்துக்கும் மேலாக அதை விலங்கு வைரஸ் என்றுதான் பட்டியலிட்டு வந்தோம். அதன் மரபணுக்களுக்குச் சற்று முன்னால் பாக்டீரியாவின் ரைபோசோம் (புரதம் செய்யும் செல் உறுப்பு) வந்து உட்காருவதற்கான அடையாள எழுத்துகள் இருப்பதை 2018-ல் சுட்டிக்காட்டினார்கள். பாலூட்டியின் செல்லுக்கு அந்த அடையாளம் தேவையே இல்லை. எந்த விலங்கு செல்லிலும் இதை வளர்க்க முடியவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இது பாக்டீரியாவின் வைரஸாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. கொல்கத்தா குழந்தைகளிடமும் கிடைத்திருக்கிறது, நாய், பன்றி, கோழியிடமும் கிடைத்திருக்கிறது. இத்தனை விலங்குக்குள் தாவும் வல்லமை என்று எண்ணுவதைவிட, இத்தனை விலங்குக்குள்ளும் ஒத்த பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்று எண்ணுவது எளிது.

ஆக, புதிய தொடர் ஒன்று கிடைத்தால் வம்சாவளி மரத்தில் அது யார் பக்கத்தில் உட்காருகிறது என்று பாருங்கள். செடி வைரஸ்களுக்கு நடுவிலா, பூச்சி வைரஸ்களுக்கு நடுவிலா, பாலூட்டி வைரஸ்களுக்கு நடுவிலா? தன்னைத் தாக்கிய வைரஸ்களின் துண்டுகளைப் பாக்டீரியா சேமித்துவைக்கும் கிரிஸ்பர் நினைவுப் பட்டியலில் அதன் துண்டு இருக்கிறதா? குடல் திசுவின் செல்லுக்குள் அது இருப்பதைச் சாயமேற்றிக் காட்ட முடிகிறதா? அந்த விலங்கின் ரத்தத்தில் அதற்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா? கடைசி இரண்டில் ஒன்றாவது கிடைத்தால் உங்கள் கை பலமாகிவிடும்.

படி 7: நோய்க்கு இதுதான் காரணமா?

இந்தியா (வேலூர்) உட்பட எட்டு நாடுகளில் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்த மால்-எட் ஆய்வில், பேதி இல்லாத நாளில் எடுத்த மலத்திலும் கிருமிகள் சர்வ சாதாரணமாகக் கிடைத்தன. நாய்களின் கோபு வைரஸும் அப்படித்தான், கழிச்சல் உள்ள நாயிலும் வருகிறது, இல்லாத நாயிலும் வருகிறது. இருக்கிறது என்பதால் குற்றவாளி ஆகிவிடாது.

இங்கேதான் படி 1-ன் ஜோடிக் கன்று கைகொடுக்கும். நோயுற்றவற்றில் அந்த வைரஸ் அடிக்கடி வருகிறதா, அளவு கூடுதலாக இருக்கிறதா, நோய் தொடங்கும்போது ஏறி குணமாகும்போது இறங்குகிறதா என்று பாருங்கள். மற்ற எல்லாக் கிருமிகளையும் தேடி, இல்லை என்று உறுதி செய்தீர்களா என்பதையும் உங்களையே கேளுங்கள். கடைசிக் கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வைரஸ் ஆய்வகத்துக்கு வந்த சாம்பிளில் வைரஸை மட்டுமே தேடுவோம்.

எங்கள் கன்றுக்கும் அதுதான் நடந்தது. நோயுற்ற கன்றில் பிகோபிர்னா இருந்தது, பொது பிரைமரில் ஒரு ஆஸ்ட்ரோவும் வந்தது. துள்ளிக்கொண்டிருந்த ஜோடிக் கன்றிலும் இரண்டும் இருந்தன, சி.டி. எண் ஏறக்குறைய ஒன்றே. பிராஜெக்ட் பெண்ணின் முகம் வாடிவிட்டது. சரி, வயதைப் பார் என்றேன். பன்னிரண்டு நாள். அந்த வயதில் முதலில் நினைக்க வேண்டிய பெயர் கிரிப்டோஸ்போரிடியம், அது வைரஸே இல்லை, ஒரு ஒட்டுண்ணி. ஒரு துளி சாணியை ஸ்லைடில் தடவி, காசநோய்க் கிருமிக்குப் போடும் அதே அமில-நிலைச் சாயத்தைச் சற்று மாற்றிப் போட்டாள். பச்சைப் பின்னணியில், ஐந்து மைக்ரான் அளவில், மாதுளை முத்துப் போல் சிவப்பாக நூற்றுக்கணக்கில் கிடந்தன. ஜோடிக் கன்றின் ஸ்லைடில் ஒன்றுகூட இல்லை.

படி 8: பதிவும் பதிலும்

ஆஸ்ட்ரோ தொடரை வீணாக்கவில்லை. சாம்பிள் எடுத்த தேதி, விலங்கு, மாவட்டம், உடல்நிலை எல்லாம் சேர்த்துப் பொதுத் தரவுத்தளத்தில் போட்டோம். "ஆரோக்கியமான கன்றிலும் கிடைத்தது" என்ற குறிப்பையும் தவறாமல் சேர்த்தோம். நாளை அதே வைரஸ் ஒரு மாட்டின் மூளையில் கிடைத்தால், தேடி வருபவருக்கு இந்த ஒரு வரி உதவும். பெயர் சூட்ட அவசரப்பட வேண்டாம். புதிய இனம் என்று சொல்ல எவ்வளவு வேறுபாடு வேண்டும் என்பதைச் சர்வதேச வைரஸ் வகைப்பாட்டுக் குழு ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாக வரையறுத்திருக்கிறது.

சாம்பிள் கொடுத்தவருக்குப் பதில் சொல்வதும் ஆய்வின் பகுதிதான். ஸ்லைடைப் பார்த்த அன்று மாலையே மாட்டுக்கார அம்மாவுக்குப் போன் செய்தேன். கண்ணுக்குத் தெரியாத பூச்சி, வைரஸ் இல்லை, அதற்கான மருந்தை டாக்டர் பார்த்துக்கொள்வார் என்றேன். உப்பு சர்க்கரைக் கரைசலைப் பாலோடு கலக்காமல் தனியாக, இரண்டு வேளைப் பாலுக்கு நடுவே கொடுக்கச் சொன்னேன். பாலை நிறுத்த வேண்டாம், கன்றைத் தனியாகக் கட்டுங்கள், தரையைக் காய்ந்த நிலையிலேயே வையுங்கள் என்றேன். பிளீச்சிங் பவுடர் இதற்கு வேலை செய்யாது, சானிடைசரும் செய்யாது, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்றும் சொன்னேன்.

"வீட்டுல சின்னப் பிள்ளை இருக்குங்களா அம்மா?"

"பேரன் இருக்கான் தம்பி. எப்பப் பார்த்தாலும் கன்னுக்குட்டியைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டே கிடப்பான்."

இரண்டு வாரத்துக்கு அவனைக் கொட்டகைப் பக்கம் விட வேண்டாம், இது மனிதருக்கும் ஒட்டும், பேதி கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் இந்தப் பெயரைச் சொல்லுங்கள் என்றேன். பெயரை இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னேன். மூன்றாவது தடவை பேரனே போனை வாங்கி, "கிரிப்டோ" என்று சரியாகச் சொன்னான்.